இறக்கி வைக்காத கல்

அத்தியாயம் – 11

சபை வேனின் ஓட்டுநர் இருக்கையில் தேயோங் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், கிம்பாப் சோற்றுருளைகளும் அவித்த முட்டைகளும் அடுக்கித் தன்பி கையில் வைத்திருந்த பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது.

"பாத்து, பாத்து! முட்டை உருண்டுடும்" என்று உள்ளேயிருந்தே சொன்னான் அவள் கணவன்.

வேன் ஓட்ட வர முடியுமா என்று நேற்றுச் சாயங்காலம் அவள் கேட்டபோது, "பார்க்கலாம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். அவர்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று பொருள். வழக்கமாக வேன் ஓட்டுகிறவர் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் மலைப்பயணத்தையே தள்ளிப்போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனவள் அவள்.

"வந்துட்டீங்களா?"

"வண்டி ஓட்டத்தான் வந்திருக்கேன். வேற எதுக்கும் இல்ல."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லப் போறே. அதுக்கு முன்னாடி சொல்லி வெச்சேன்."

பனிக்காலம் முடிந்ததிலிருந்து தேயோங் சபை வளாகத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. தன்பியின் வயிற்றில் ஆறு மாதம் இருந்த பிள்ளை, உயிரோடு வெளியே வராமலே போய்விட்டது. துக்கம் கேட்க வீட்டுக்கு வந்த சபை மூப்பர் ஒருவர், "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றார். தேயோங் கையிலிருந்த பார்லித் தேநீரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் திரும்பவில்லை.

தன்பி நேர்மாறு. ஞாயிறு பள்ளியில் எந்த வேலை இருந்தாலும் 'நான் செய்றேன்' என்று கையைத் தூக்கினாள். வண்ணத்தாள் வெட்டினாள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், உருளைக்கிழங்கு அவித்தாள். கை ஓயாமல் இருந்தால் மனசும் எங்கேயும் போகாது என்று அவள் கணக்கு.

வீட்டில் அந்தப் பிள்ளையின் பேரை யாரும் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. எப்படியோ அப்படி ஆகிவிட்டது.

தன் அம்மாவோடும் அவள் பேச்சை விட்டிருந்தாள். முக்ஹோ துறைமுகத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் அம்மா, அன்று மலைப்பாதை பனியில் அடைபட்டுவிட்டது என்று வரவில்லை. அதைக்கூடத் தன்பி பொறுத்துக்கொண்டாள். பிறகு போனில் அம்மா, "வயசு இருக்குடி, இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்றாள். தன்பி போனை வைத்துவிட்டாள். இப்போதும் அம்மா கூப்பிடுவாள். தன்பி எடுப்பதில்லை. 'ஒரு தடவை இங்க வந்துட்டுப் போ' என்று செய்தி அனுப்புவாள். அதற்கும் பதில் போடுவதில்லை.

"அம்மா, நான் அப்பா பக்கத்துல உக்காந்துக்கட்டுமா?"

மகள் ஓன்யூ. மூன்றாம் வகுப்பு. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் முன்னிருக்கையில் ஏறிவிட்டாள்.

*

மேபோங் மலையடிவார ஓடையில் தண்ணீர் வற்றியிருந்தது. உருண்டைக் கற்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"எல்லாரும் இங்க வாங்க!" என்று கைதட்டினார் உபதேசியார் பியோ. இறையியல் கல்லூரி முடித்து இந்தச் சபைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மீசை வளர்க்க முயற்சி செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஆளுக்கு ஒரு கல் எடுக்கணும். உங்க மனசுல எது பாரமா இருக்கோ, அதோட அளவுக்கு. பைக்குள்ள போட்டுக்கிட்டு மலை ஏறணும். உச்சியில ஒரு சிலுவை இருக்கு. அங்க போனதும் இறக்கி வெச்சிடலாம்."

"எதுக்கு உபதேசியாரே? இங்கயே வெச்சிட்டுப் போனா ஏற ஈசியா இருக்குமே?" என்றான் சீயோன். கூட்டத்திலேயே சின்னவன் அவன்.

"சுமந்து பாத்தாதான்டா இறக்கி வைக்கிற சுகம் தெரியும். களைச்சுப்போனவங்க எல்லாம் எங்கிட்ட வாங்கன்னு இயேசு கூப்பிட்டாரே, அதைத்தான் இன்னைக்குக் காலால படிக்கப் போறோம்."

பிள்ளைகள் ஓடைக்குள் சிதறினார்கள். சீயோன் பட்டாணி அளவில் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

"டேய், உன் பாரம் அவ்வளவுதானா?" என்று கேலி செய்தாள் ஹாரம். ஐந்தாம் வகுப்பு, எல்லார் விஷயத்திலும் அவளுக்கு ஒரு கருத்து உண்டு.

"தம்பியோட ஐஸ்கிரீமைத் தின்னுட்டேன். பாதிதான் தின்னேன். அதான் சின்னக் கல்லு."

தன்பி சிரித்துக்கொண்டே திரும்பினாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஓன்யூ ஓடையின் நடுவில் குந்தி, ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பார்த்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றை இரண்டு கைகளாலும் அணைத்தபடி எழுந்தாள். வெளிர்சாம்பல் நிறத்தில், வழவழவென்று, நீளவாக்கில் இருந்தது கல்.

"அது ரொம்பப் பெரிசுடி. வேற எடுத்துக்கோ."

"இதுதான் வேணும்."

"முதுகு வலிக்கும்."

"வலிச்சா பரவால்ல."

ஓன்யூ தன் குளிர்ச்சட்டையைக் கல்லின்மேல் சுற்றிப் பைக்குள் இறக்கினாள். பையின் வாய் மூடவில்லை. தன்பி வேனைத் திரும்பிப் பார்த்தாள். தேயோங் கண்ணாடியை இறக்கிவிட்டு மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல வரலையா?" என்று கேட்டாள் அவனருகில் போய்.

முன்பெல்லாம் இந்த மலைப்பயணத்தை நடத்தியதே அவன்தான். எந்த மரத்தில் மரங்கொத்தி பொந்து வைத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"வண்டியைப் பாத்துக்கறேன்."

"வண்டியை யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

"தன்பி."

அவள் பேரை மட்டும் சொல்லி அவன் நிறுத்தினால், அதற்குமேல் கேட்கக்கூடாது.

*

பாதி மலையில் ஓக் மரக்காடு. மரத்துக்கு மரம் ஒரு கயிறு கட்டி வைத்திருந்தாள் தன்பி. கண்ணைக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி ஒவ்வொருவராக நடக்க வேண்டும். கடவுளைக் கண்ணால் பார்க்க முடியாவிட்டாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம் என்பது பாடம்.

"உபதேசியாரே, கயிறு அறுந்துட்டா?" என்றாள் ஹாரம்.

"அறுந்தா கத்து. நான் ஓடி வர்றேன்."

"கடவுளும் அப்படித்தானா?"

"அப்படித்தான். கூப்பிட்டா வருவாரு."

ஓன்யூ தன் கண்கட்டை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டாள். "கத்தியும் வரலைன்னா?"

உபதேசியார் மீசையைத் தடவினார். "அப்ப... இன்னும் சத்தமாக் கத்தணும்!"

பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பார்த்தார்கள். காட்டுப்புறா ஒன்று படபடவென்று பறந்தது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஓன்யூ மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு, பாரத்தில் முன்னால் வளைந்த முதுகோடு, கயிற்றைப் பிடித்து நடக்கத் தொடங்கினாள்.

அவள் நடையில் ஏதோ விசித்திரம் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காலால் தரையைத் தடவிப் பார்த்தாள். கண்கட்டை அவிழ்த்த பிறகும் அப்படியே நடந்தாள். தன்பிக்கு முதலில் புரியவில்லை. பிறகு தரையைப் பார்த்தாள். ஐப்பசிக் காற்றுக்கு உதிர்ந்த ஓக் கொட்டைகள் வழியெங்கும் கிடந்தன. ஓன்யூ ஒன்றைக்கூட மிதிக்கவில்லை.

ஓக் கொட்டைக்கு அவர்கள் ஊரில் தோதோரி என்று பேர். போன வருஷம் இதே மாதத்தில், "உனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகுது" என்று சொன்ன அன்று, ஓன்யூவின் சட்டைப்பையில் ஒரு தோதோரி இருந்தது. பிறக்கும் வரைக்கும் வயிற்றுப் பிள்ளைக்குச் செல்லமாக ஒரு பேர் வைப்பது வழக்கம். ஓன்யூதான் வைத்தாள். தோரி.

தினமும் பள்ளிவிட்டு வந்ததும் தன்பியின் வயிற்றில் வாயை வைத்து, "தோரி, அக்கா வந்துட்டேன்" என்பாள்.

தன்பி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டத் தொடங்கினாள். வேகவேகமாகச் சுருட்டினாள்.

*

உச்சிக்குப் போனபோது வானம் சாம்பல் பூத்திருந்தது. மரச்சிலுவையின் அடியில் பழைய வருஷங்களின் கற்கள் குவிந்து கிடந்தன.

"ஒவ்வொருத்தரா வாங்க. சத்தமாச் சொல்லணும்னு இல்ல. மனசுக்குள்ள சொன்னாலும் ஆண்டவருக்குக் கேக்கும்" என்றார் உபதேசியார்.

ஆனால் பிள்ளைகளுக்குச் சத்தமாகச் சொல்வதில்தான் ருசி.

"கணக்கு ட்யூஷன்!" என்று பெரிய கல்லைத் தொப்பென்று போட்டாள் ஹாரம். எல்லோரும் கைதட்டினார்கள். உபதேசியாரும் கைதட்டினார்.

சீயோன் தன் கூழாங்கல்லைத் தேடினான். வழியில் எங்கேயோ விழுந்திருந்தது. அழத் தொடங்கினான்.

"ஏன்டா அழறே? ஆண்டவர் உங்கிட்டேருந்து முன்னாடியே வாங்கிக்கிட்டாரு" என்று அவனைத் தூக்கிக்கொண்டார் உபதேசியார்.

கடைசியாக ஓன்யூ. சிலுவையின் முன்னால் நின்றாள். இரண்டு கையாலும் பைப் பட்டைகளை இறுகப் பிடித்திருந்தாள்.

"இறக்கி வைம்மா."

"வேணாம்."

"ஏன், கை வராத அளவுக்குக் களைச்சுட்டியா? நான் எடுத்துத் தரட்டுமா?"

உபதேசியார் பையைத் தொட்டதும் விலகி நின்றாள். "தொடாதீங்க!"

தன்பிக்குக் காது மடல் சூடேறியது. ஞாயிறு பள்ளி டீச்சரின் மகள், எல்லோரும் பார்க்கிறார்கள்.

"ஓன்யூ, எல்லாரும் வெச்சாச்சு. நீயும் வை. மழை வர்ற மாதிரி இருக்கு, கீழ போகணும்."

"எல்லாரும் வெச்சாச்சுன்னுதான் நான் வைக்க மாட்டேன்."

"என்ன பேச்சு இது?"

"நீங்க இறக்கி வெச்சிட்டீங்க. அப்பாவும் வெச்சிட்டாரு. யாருமே பேரைக்கூடச் சொல்றதில்ல. நானும் வெச்சிட்டா அப்புறம் தோரிய யாரு வெச்சிருப்பா?"

காற்றில் சிலுவையின் மேலே ஏதோ ஒரு கம்பி கிரீச்சிட்டது.

தன்பி மகளின் முன்னால் மண்டியிட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்; இத்தனை மாதமாக மற்றவர்களின் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறாள். ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"அம்மா, நீங்க ஒரே ஒரு தடவை அவன் பேரைச் சொல்லுங்க. நான் வெச்சிடறேன்."

தன்பி முயன்றாள். உதடு பிரிந்தது. சொன்னால் உடைந்துவிடுவாள். பிள்ளைகளின் முன்னால், மலையுச்சியில், கீழே கூட்டிப்போக இத்தனை பேர் இருக்கும்போது உடையக்கூடாது.

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்றாள்.

ஓன்யூ தலையாட்டினாள். பையை முதுகில் ஒருமுறை குலுக்கிச் சரிசெய்துகொண்டு, யாருக்கும் காத்திராமல் இறங்கத் தொடங்கினாள்.

முதல் துளி தன்பியின் புறங்கையில் விழுந்தது.

*

இலையுதிர்கால மழை சத்தமில்லாமல் வந்து எலும்பு வரை குளிர வைத்தது. சருகு நனைந்து வழுக்கியது. உபதேசியார் சின்னப்பிள்ளைகளை முன்னால் கூட்டிக்கொண்டு போனார். தன்பி ஹாரமின் கையைப் பிடித்து ஒரு பாறையிலிருந்து இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, ஓன்யூ கண்ணில் படவில்லை.

"ஓன்யூ!"

"முன்னாடிதான் போனா டீச்சர்" என்றாள் ஹாரம். "வேகமாப் போனா. அழுதுக்கிட்டே போனா."

ஹாரமை முன்னால் போகிற கூட்டத்தில் சேர்த்துவிட்டு, தன்பி குறுக்கு வழியில் ஓடினாள். இரண்டு முறை வழுக்கி, முட்டியில் சேறு. ஒரு வளைவைத் தாண்டியதும் நின்றாள்.

ஓன்யூ பாதையோரம் விழுந்து கிடந்தாள். எழ முயல்வதும், முதுகுப் பாரம் பின்னால் இழுக்க உட்காருவதுமாக இருந்தாள். கீழேயிருந்து தேயோங் ஏறி வந்துகொண்டிருந்தான். இரண்டு கக்கத்திலும் மழைச்சட்டைகள். அவற்றை அப்படியே போட்டுவிட்டு மகளிடம் ஓடினான்.

தன்பி ஒரு பைன் மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவர்கள் இருவரும் அவளைப் பார்க்கவில்லை.

"எங்க அடி? காலைக் காட்டு."

"அடி இல்ல."

"பையைக் கழட்டு மொதல்ல. என்னம்மா இது, இரும்பா வெச்சிருக்கே?"

"கழட்ட மாட்டேன். அது தோரி."

தேயோங்கின் கை நின்றது.

தன்பி அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போன மாதிரி. அவன் போகவில்லை. நனைந்த சருகின்மேல் அப்படியே உட்கார்ந்தான். பேன்ட் நனைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"அப்பாவுக்குக் காட்டறியா?"

ஓன்யூ யோசித்தாள். பையை முன்னால் திருப்பி, குளிர்ச்சட்டையை விலக்கினாள். அவன் கல்லை வெளியே எடுத்தான். ஒரு கையைக் கீழேயும் ஒரு கையை மேலேயும் கொடுத்து, பச்சைப்பிள்ளையின் தலையைத் தாங்குகிற மாதிரி. மழையில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு கனமா இல்ல" என்றான். "இதைவிட லேசா இருந்தான்."

"நீங்க தோரியைத் தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

"கண்ணு தொறந்திருந்துச்சா?"

"இல்ல. தூங்கற மாதிரி இருந்தான். உள்ளங்கை அகலத்துக்குத்தான் முதுகு. காது மட்டும் உன்னை மாதிரியே. இதோ, இந்த மேல் ஓரம் மடிஞ்சிருக்கு பாரு, அதே மாதிரி."

ஓன்யூ தன் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன்ப்பா எனக்குச் சொல்லவே இல்ல?"

"சொன்னா உங்கம்மா அழுவான்னு நினைச்சேன்." கொஞ்சம் விட்டு, "நானும்தான்" என்றான். அவன் தோள் குலுங்கியது.

அன்று மருத்துவமனையில் செவிலி இரண்டுமுறை வந்து, 'பிள்ளையைப் பாக்கறீங்களா' என்று கேட்டாள். தன்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்க்காவிட்டால் நடக்காததாகிவிடும் என்று எண்ணினாளோ என்னவோ. அதற்குப் பிறகு காது எப்படி இருந்தது, மூக்கு யாருடையது என்று ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை. கேட்க உரிமை போய்விட்டது என்று நினைத்திருந்தாள்.

அவள் மரத்தை விட்டு வந்தாள்.

"எந்தக் காது?" என்றாள்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"ரெண்டும்" என்றான் தேயோங்.

"முடி இருந்துச்சா?"

"இருந்துச்சு. கறுப்பா, ஈரமா, நெத்தியில ஒட்டிக்கிட்டு."

அவளும் சருகில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். அவன் கல்லை அவள் மடியில் வைத்தான். மழை அதன் வழவழப்பில் வழிந்தது. தன்பி தன் கழுத்தில் சுற்றியிருந்த துணியால் அதைத் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி நனைந்தது. மறுபடி துடைத்தாள்.

"தோரி" என்றாள்.

சத்தம் வரவில்லை. இன்னொருமுறை சொன்னாள். இந்தமுறை வந்தது.

ஓன்யூ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இப்ப நான் கீழ வெச்சிடட்டுமாம்மா? வாக்குக் கொடுத்தேனே."

"வேணாம்டி. யாரும் கீழ வைக்க வேணாம். நான் கொஞ்ச தூரம் தூக்கிட்டு வர்றேன்."

"அப்புறம் நான்" என்றான் தேயோங்.

"அப்புறம் நான்" என்றாள் ஓன்யூ அவசரமாக.

மூவரும் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். கீழே வேனருகில் உபதேசியார் நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டிருந்தார். மீசை முயற்சி முற்றிலும் தோற்றிருந்தது. அவர் ஓன்யூவின் முன்னால் குனிந்தார்.

"நான் உன் பையைத் தொட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

"பரவால்ல. நீங்க நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தீங்க" என்று பெரிய மனசு பண்ணினாள் அவள்.

அவர் தேயோங்கைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். ஆறுதல் வசனம் வரப்போகிறது என்று தன்பி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு அவிச்ச உருளைக்கிழங்கு எடுத்து வெச்சிருக்கேன் அண்ணே. சூடு ஆறிடுச்சு" என்றார் அவர்.

தேயோங் வாங்கித் தோலோடு கடித்தான்.

*

பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு, சபை வளாகத்தில் வேனை நிறுத்தியபோது மழை விட்டிருந்தது. தேயோங் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். ஆனால் யாரும் இறங்கவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

"அப்பா, தோரி இப்ப எங்க இருக்கான்?" என்றாள் ஓன்யூ. "பரலோகம்னு சொல்லாதீங்க. அது எனக்குத் தெரியும். அவன் உடம்பு எங்க?"

தன்பி அவனுக்கு முன்னால் பதில் சொல்ல வந்தாள். "ஆஸ்பத்திரியிலேயே அவங்க..."

"இல்ல" என்றான் தேயோங்.

"என்ன இல்ல?"

"ஆஸ்பத்திரியில விடல. நானே எடுத்துட்டுப் போனேன். தகனம் பண்ணி, சாம்பலை ஒரு சின்னப் பெட்டியில குடுத்தாங்க. கடல் தெரியற ஒரு குன்னு இருக்கு. அங்க ஒரு பைன் மரத்தடியில வெச்சிருக்கோம்."

தன்பி இருக்கையில் நிமிர்ந்தாள். கோபமா, நிம்மதியா, அவளுக்கே தெரியவில்லை. "இத்தனை நாள் எங்கிட்டச் சொல்லாம..."

"நீ கேக்கற வரைக்கும் சொல்ல வேணாம்னு சொன்னாங்க."

"யாரு?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தான்.

"வெச்சிருக்கோம்னு சொன்னீங்க. யாரு கூட இருந்தா?"

"அத்தை."

"எந்த அத்தை?"

"உங்கம்மா."

"அம்மா அன்னைக்கு வரவே இல்ல. பாதை அடைபட்டுடுச்சுன்னு..."

"பாதை அடைபட்டது நிஜம். ரயில் பிடிச்சு வந்தாங்க. வழியில எங்கயோ நின்னு, மறுபடி வேற ரயில் ஏறி, விடிஞ்சு வந்து சேந்தாங்க. நீ மருந்து மயக்கத்துல இருந்தே. கதவுக்கு வெளிய நின்னு உன்னைப் பாத்தாங்க. உள்ள வரல. 'நான் உள்ள போனா நானும் அழுவேன், அவளும் அழுவா, தையல் பிரிஞ்சுடும்'னாங்க. 'வா மாப்பிள்ளை, புள்ளையைத் தனியா அனுப்பக் கூடாது'ன்னு என் கூட வந்தாங்க. போற வழியெல்லாம் அந்தப் பெட்டி அவங்க மடியிலதான் இருந்துச்சு. கோட்டைக் கழட்டி அதுமேல போத்தியிருந்தாங்க. நான் ஒண்ணும் பேசல. அவங்க மட்டும் அதுகிட்ட என்னமோ சொல்லிக்கிட்டே வந்தாங்க."

"அந்தக் குன்னு எங்க இருக்கு?"

"முக்ஹோல. அவங்க வீட்டுப் பின்னாடி. இடம் பாத்ததே அவங்கதான். 'எங்கிட்ட இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்'னாங்க."

ஒரு தடவை இங்க வந்துட்டுப் போ.

எத்தனை செய்தி. எத்தனை முறை அதே வரி. கிழவிக்கு வேறு வேலையில்லை என்று திரையை அணைத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

தன்பி போனை எடுத்தாள். விரல் ஈரத்தில் திரை வேலை செய்யவில்லை. ஓன்யூ வாங்கித் தன் சட்டையில் துடைத்து, தானே 'அம்மா' என்ற பேரைத் தேடி அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டுக் கொடுத்தாள்.

முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"தன்பியா?"

எட்டு மாதமாகக் கேட்காத குரல். மெலிந்திருந்தது.

"அம்மா..."

"சாப்பிட்டியாடி?"

தன்பி வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். தலையாட்டுவது போனில் தெரியாது என்ற நினைப்பே இல்லை. தேயோங் அவள் முதுகில் கை வைத்தான்.

"அம்மா, நாளைக்கு நாங்க வர்றோம். மூணு பேரும். அங்க... தோரியைப் பாக்க."

அம்மா அவசரமாகச் சொன்னாள். "நாளைக்கா? நாளைக்கு வேணாம். ஒரு ரெண்டு வாரம் போகட்டுமே. கடையில வேலை கிடக்கு."

"எட்டு மாசமா வா வான்னு கூப்பிட்டுட்டு, இப்ப..."

அப்போது பின்னாலிருந்து வேறொரு பெண்குரல், பழக்கப்பட்ட கண்டிப்போடு, தெளிவாகக் கேட்டது. "அந்தக் கையை அசைக்காதீங்கம்மா, ஊசி நகந்துடும். சாப்பாட்டை இங்க வெச்சிருக்கேன். உங்க பொண்ணு தன்பிக்குத் தகவல் சொல்லிட்டீங்களா இல்லையா? காலையில டாக்டர் கேப்பாரு."

"யாரும்மா அது? எங்க இருக்கே நீ?"

"டி.வி.தான்டி. நாடகம் ஓடுது. சத்தம் ஜாஸ்தியா வெச்சிட்டேன்."

ஓன்யூ போனின் பக்கம் குனிந்தாள்.

"பாட்டி, உங்க டி.வி.ல ஏன் எங்க அம்மா பேரைச் சொல்றாங்க?"

யாரோ தட்டில் கரண்டியை வைக்கும் ஓசை மட்டும் கேட்டது.